பெட் இருந்திருந்தால் ஊரடங்கே தேவைப்பட்டிருக்காதா?

கேள்வி. 4 ஜூன் 2025

மறுபடியும் கொரோனா செய்தி வர ஆரம்பித்துவிட்டது. 2020, 2021இல் கடையை மூடச் சொன்னதெல்லாம் அரசு ஆஸ்பத்திரிகளில் இடம் இல்லாததை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன். பெட் போதுமான அளவு இருந்திருந்தால் ஒருவருடைய பிழைப்பையும் முடக்கியிருக்க வேண்டாம். இன்னொரு அலை வந்தால் முதலில் பெட்டைக் கூட்டுங்கள், அப்புறம் எங்களிடம் வாருங்கள் என்று சொல்வது தவறா?

4 ஜூன், இரவு 10.40

பாதி சரி. மீதிப் பாதியைப் பற்றி எழுதுகிறேன்.

திருப்பூரில் பதினெட்டு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கிறேன். இரண்டு வருடமும் யூனிட்டை மூடி வைத்துக்கொண்டு வாடகையும் வட்டியும் கட்டினேன். என் தங்கை அதே காலத்தில் கொரோனா வார்டில் ஒப்பந்த செவிலியர். அப்பா 2021 மே மாதம் பக்கத்து மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் பன்னிரண்டு நாள் ஆக்சிஜனில் இருந்தார். கடை மூடிய வலியும் தெரியும், வார்டும் தெரியும்.

2021 இரண்டாம் அலையில் தமிழ்நாட்டின் தினசரி தொற்று எண்ணிக்கையைப் பாருங்கள். ஏப்ரல் 1 அன்று 2,800 சொச்சம். ஏப்ரல் 20 அன்று கிட்டத்தட்ட 11,000. மே 1 அன்று 19,500க்கு மேல். ஏப்ரல் 20இலிருந்து பதினோரு நாளில் ஏறக்குறைய இரட்டிப்பு. இப்போது உங்கள் யோசனையைப் போட்டுப் பாருங்கள். ஏப்ரல் 20 அன்று தமிழ்நாட்டில் இருந்த பெட் அத்தனையையும் ஒரே ராத்திரியில் இரண்டு மடங்காக்கிவிட்டோம். கிடைத்தது என்ன? பன்னிரண்டு நாள். பதின்மூன்றாம் நாள் மறுபடி அதே வாசலில் அதே ஆம்புலன்ஸ் வரிசை.

பெட் ஒன்று இரண்டு மூன்று என்று கூடும். நோய் இரண்டு நான்கு எட்டு என்று கூடும். இந்த ஓட்டத்தில் பெட் ஜெயிக்காது. கட்டுப்பாடு என்பது நோயை ஒழிப்பதற்கு இல்லை, ஒரே வாரத்தில் வாசலுக்கு வருகிற கூட்டத்தை நான்கு வாரத்துக்குப் பிரித்து அனுப்புவதற்கு.

5 ஜூன், காலை 6.15

மேலே 'பெட்' 'பெட்' என்று எழுதியதைத் தங்கை படித்துவிட்டுக் காலையிலேயே கூப்பிட்டுவிட்டாள். "அண்ணா, கட்டில் என்ன கட்டில், கல்யாண மண்டபத்தில்கூடப் போடலாம். அதுக்குப் பக்கத்துல நிக்க ஆள் வேணுமே, அதை எழுது."

அவள் சொல்வது சரி. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நூற்றுக்கணக்கில் கட்டில் போட்டதை எல்லோரும் பார்த்தோம். லேசான காய்ச்சல்காரர்களுக்கு அது போதும். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 85க்குப் போன ஆளுக்குப் போதாது. மாஸ்க் விலகியதா என்று பார்க்க, குப்புறப் படுக்க வைக்க, ராத்திரி மூன்று மணிக்கு அளவை எடுத்துப் பார்த்து டாக்டரைக் கூப்பிட ஆள் வேண்டும். அவள் வார்டில் நாற்பது பேர். ராத்திரி இரண்டு செவிலியர். கவச உடை போட்டால் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது.

ஆகவே நேற்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். தட்டுப்பாடு கட்டிலில் இல்லை. செவிலியரிலும் ஆக்சிஜனிலும் இருந்தது. கட்டிலை ஒரு வாரத்தில் வாங்கலாம். செவிலியர் படித்து வர மூன்று, நாலு வருடம் ஆகும்.

5 ஜூன், மதியம்

ஆக்சிஜன் கணக்கை ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பா படுத்திருந்த நாட்களில் இதைத் தலைக்குள் ஓட்டிக்கொண்டே இருந்ததால் இன்னும் மறக்கவில்லை.

ஆள் உயரத்துக்கு நிற்கும் ஜம்போ சிலிண்டரில் சுமார் 7 கன மீட்டர், அதாவது 7,000 லிட்டர் வாயு. அப்பாவுக்கு பையோடு கூடிய மாஸ்க்கில் நிமிடத்துக்கு 10 லிட்டர். 700 நிமிடத்தில் சிலிண்டர் காலி. பதினொன்றே முக்கால் மணி நேரம்கூட இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு சிலிண்டருக்குக் கொஞ்சம் மேலே. நாற்பது பேர் வார்டுக்கு எண்பதுக்கு மேல். மூக்கு வழியாக வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் ஹை ஃப்ளோ மிஷினில் நிமிடத்துக்கு 60 லிட்டர் முழு ஆக்சிஜனாக ஓடினால் அதே சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. அதனால்தான் பெரிய மருத்துவமனைகளில் திரவ ஆக்சிஜன் டேங்க் வைக்கிறார்கள். ஒரு டன் திரவம் எழுநூறு கன மீட்டருக்கு மேல் வாயுவாக விரியும்.

2021 மே 7 அன்று பதவியேற்ற முதல்வர் மு.க. ஸ்டாலின் அன்றே பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் மாநிலத்தின் ஒரு நாள் செலவு 440 டன், ஒதுக்கீடு 220 டன் என்று இருந்தது. அந்த 440 டன்னை அப்பாவின் அளவில் வகுத்தால் சுமார் 22,000 பேர். இது என் தோராயக் கணக்கு. பிறகு மே மாதக் கடைசியில் சிகிச்சையில் இருந்தவர்கள் 3 லட்சத்துக்கு மேல் போனார்கள். அதில் பத்தில் ஒருவருக்கு ஆக்சிஜன் தேவை என்றாலே 30,000 பேர். தூத்துக்குடி ஸ்டெர்லைட்டில் ஆக்சிஜன் மட்டும் எடுக்க உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 27 அன்று அனுமதித்தது, ரயிலில் துர்காபூரிலிருந்து தண்டையார்பேட்டைக்கு டேங்கர் வந்தது எல்லாம் இந்த இடைவெளியை அடைக்கத்தான்.

இன்னொன்று. டேங்க் நிறைய இருந்தாலும் கடைசி பெட்டுக்குக் காற்று வராமல் போகலாம். திரவத்தை வாயுவாக்கும் குழாய்க்கு ஒரு அளவு உண்டு. எல்லாப் பெட்டும் ஒரே சமயத்தில் அதிகமாக இழுத்தால் அதன்மேல் பனி படிந்து அழுத்தம் இறங்கும். ஐம்பது பேருக்குப் போட்ட லைனில் நூற்றைம்பது பேரைத் தொங்கவிட்டால் இதுதான் ஆகும். செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் மே 4 இரவு 13 பேர் இறந்தார்கள். உறவினர்கள் ஆக்சிஜன் இல்லை என்றார்கள், நிர்வாகம் தட்டுப்பாடு இல்லை என்று மறுத்தது. அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. தங்கை ட்யூட்டியில் இருந்தாள்.

5 ஜூன், இரவு 11.20

அப்பாவின் தேதிகளை எழுதுகிறேன். கட்டுப்பாட்டை எப்போது போடுவது என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இந்தத் தேதிகள்தான்.

மே 8, சனிக்கிழமை: திங்கள் முதல் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு. மக்கள் பொருள் வாங்கிக்கொள்ள சனி, ஞாயிறு இரண்டு நாளும் இரவு 9 மணி வரை கடை திறந்திருக்கும் என்றார்கள்.
மே 9: அப்பா மளிகைக்குப் போனார். ஒன்றரை மணி நேரம் வரிசை. தோளோடு தோள்.
மே 14: காய்ச்சல், உடம்பு வலி.
மே 17: ரிசல்ட் பாசிட்டிவ்.
மே 22: காலையில் சாச்சுரேஷன் 88. ஆம்புலன்ஸில் ஐந்து மணி நேரம் காத்திருந்து பெட் கிடைத்தது.
ஜூன் 3: டிஸ்சார்ஜ்.

9ஆம் தேதி ஒட்டிய நோய் 22ஆம் தேதி பெட் கேட்டது. பதின்மூன்று நாள். அப்புறம் பன்னிரண்டு நாள் அந்தப் பெட்டை விடவில்லை. இன்றைக்கு ஆஸ்பத்திரி நிரம்பிவிட்டது என்று பார்த்து இன்றைக்கு ஊரடங்கு போட்டால், அடுத்த இரண்டு வாரத்துக்கு வரப்போகிறவர்கள் ஏற்கனவே ஊருக்குள் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை ஒன்றும் செய்ய முடியாது. ஆக, பாதி பெட் காலியாக இருக்கும்போதே முடிவெடுக்க வேண்டும். அப்போது முடிவெடுத்தால் எங்களைப் போன்றவர்கள்தான் "பெட் காலியாகத்தானே இருக்கிறது, எதற்கு மூடுகிறாய்" என்று கத்துவோம். நானே ஏப்ரல் மாதம் கத்தினேன். 26ஆம் தேதி தியேட்டரையும் ஷாப்பிங் மாலையும் சலூனையும் மூடியபோது, அடுத்து நம்மிடம் வருவார்கள் என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். அன்றைக்கு நான் பேசியது தப்பு.

6 ஜூன், காலை

நேற்று ராத்திரி எழுதியதில் ஒரு நேர்மைக் குறைவு இருக்கிறது. அப்பாவுக்கு மளிகைக்கடை வரிசையில்தான் ஒட்டியது என்று எழுதிவிட்டேன். அது எனக்குத் தெரியாது. அதே 9ஆம் தேதி நானும் முடித்த பீஸைக் கம்பெனியில் இறக்கிவிட்டு, கூலியை வாங்கிவந்து யூனிட்டில் இருபத்தோரு பேருக்கு சம்பளம் கொடுத்தேன். எனக்கு இரண்டு நாள் தொண்டை கரகரப்பு இருந்தது, டெஸ்ட் எடுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தது நானாகவும் இருக்கலாம். நான்கு வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆனாலும் அந்த இரண்டு நாள் அவகாசத்தைப் பற்றிய என் கோபம் குறையவில்லை. முந்தைய வருடம், 2020இல், ஏப்ரல் 26 முதல் சென்னை, கோவை, மதுரையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்றதும் 25ஆம் தேதி கோயம்பேட்டில் கூடிய கூட்டம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு கோயம்பேடு தொற்று எத்தனை மாவட்டத்துக்குப் போனது! மே 5 அன்று மார்க்கெட்டையே மூடி, கடைகளைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். அது தெரிந்தும் 2021இல் மே 8, 9 ஒருமுறை, மே 22, 23 இன்னொரு முறை. 24ஆம் தேதி முதல் தளர்வில்லா ஊரடங்கு போட்டபோது காய்கறி வண்டி தெருவுக்கே வந்தது, நன்றாகத்தான் நடந்தது. அதை முதலிலேயே ஏற்பாடு செய்துவிட்டு அறிவித்திருந்தால் இந்த முண்டியடிப்பு வந்திருக்காது.

திடீரென்று மூடினால் 2020 மார்ச் மாதிரி ஆகும், ஆட்கள் நடுரோட்டில் நிற்பார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மை. ஊருக்குப் போகிறவர்களுக்கு பஸ் விடுங்கள், அவகாசம் கொடுங்கள். நான் சொல்வது அரிசி பருப்புக்காக முண்டியடிக்க வைத்ததை.

7 ஜூன்

"சென்னையில் மே 12லேயே உச்சம் வந்து இறங்கத் தொடங்கிவிட்டது. ஊரடங்கு வந்ததே 10ஆம் தேதி. உங்கள் பதின்மூன்று நாள் கணக்குப்படி பார்த்தால் ஊரடங்கால் ஒன்றும் நடக்கவில்லையே?"

இப்படி ஒருவர் கேட்டிருக்கிறார். இது நல்ல கேள்வி. ஒரு நாள் முழுக்க யோசித்தேன்.

சென்னையில் மே 12 அன்று 7,500ஐத் தாண்டியது, அதுதான் உச்சம். டெஸ்ட் எடுத்து ரிசல்ட் வர ஒரு வாரமாவது பின்னால் போக வேண்டும். அப்படியென்றால் மே முதல் வாரத்திலேயே பரவல் குறையத் தொடங்கியிருக்கிறது. அதற்கு முழு ஊரடங்கு காரணமாக இருக்க முடியாது. ஏப்ரல் 20 முதல் இரவு ஊரடங்கு, 26 முதல் மால், தியேட்டர் மூடல், மே 6 முதல் மளிகை மதியம் 12 வரை என்று படிப்படியாக இறுக்கியது கொஞ்சம் வேலை செய்திருக்கும். அதைவிட பயம் வேலை செய்திருக்கும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ் வரிசையாக நிற்பதை டிவியில் பார்த்த பிறகு யார் வெளியே போவார்கள்? ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கத்தில் ராத்திரி முழுக்க நின்ற கூட்டத்தைப் பார்த்த பிறகு?

மாநிலம் முழுவதுக்கும் உச்சம் மே 21, ஒரே நாளில் 36,184. இறப்பு மே மாதக் கடைசியில் நாளுக்கு 400க்கு மேல். எங்கள் கொங்குப் பக்கம் இன்னும் தாமதம், கோவை சென்னையைத் தாண்டியதே மே கடைசி வாரத்தில். இங்கே பத்தாம் தேதி மூடியது எங்களைக் காப்பாற்றியது என்றே நம்புகிறேன். சென்னைக்கு அது தாமதம், எங்களுக்குச் சரியான நேரம். ஒரே அறிவிப்பு, இரண்டு ஊர், இரண்டு பலன்.

அதனால் மாநிலம் முழுக்க ஒரே நாளில் மூடி ஒரே நாளில் திறப்பதைவிட மாவட்டவாரியாகப் பார்ப்பதே சரி. ஜூன் 7 முதல் அப்படிச் செய்தார்கள். கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய 11 மாவட்டத்துக்குத் தளர்வு குறைவு. சென்னையில் கடை திறந்தபோது எங்களுக்கு வயிறு எரிந்தது. அப்பா நான்கு நாளுக்கு முன்புதான் வீட்டுக்கு வந்திருந்தார், அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

7 ஜூன், மாலை

அப்பாவைப் பற்றி இரண்டு பேர் விசாரித்திருக்கிறீர்கள், நன்றி. நன்றாக இருக்கிறார். வார்டில் ஐந்தாம் நாள் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி அவர் முதன்முதலாகப் பேசியது, "கண்ணு, மிஷினுக்கு எண்ணெய் போட்டியா?" மூடிக் கிடக்கிற மிஷினுக்கு வாரம் ஒருமுறை எண்ணெய் விட்டு ஓட்டி வைக்காவிட்டால் இறுகிவிடும் என்ற கவலை அவருக்கு. பக்கத்து பெட்காரர் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது, தங்கையின் தோழி ஓடிவந்து இரண்டு பேரையும் திட்டினாள்.

9 ஜூன்

கொரோனா இல்லாத நோயாளிகளைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. நானும்தான்.

எங்கள் யூனிட்டில் ஓவர்லாக் ஓட்டுகிற அக்காவின் அம்மாவுக்கு மார்பில் கட்டி. 2020 மார்ச் கடைசியில் தேதி கொடுத்திருந்தார்கள். பஸ் இல்லை, ஓ.பி. இல்லை, இ-பாஸ் எப்படி எடுப்பது என்று அந்த அக்காவுக்குத் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது. ஜூலையில் காட்டியபோது டாக்டர் முகம் மாறிவிட்டது. அடுத்த பொங்கலுக்கு அந்த அம்மா இல்லை.

காசநோய்க் கணக்கு இதையே நாடு முழுக்கச் சொல்கிறது. இந்தியாவில் 2019இல் பதிவானவர்கள் 24 லட்சம், 2020இல் 18 லட்சம். ஆறு லட்சம் பேருக்கு நோய் குணமாகிவிடவில்லை. அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை, இல்லை வந்தும் சளிப் பரிசோதனை நடக்கவில்லை. இருமல் மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டு வீட்டில் இருந்திருப்பார்கள்.

ஊரடங்கால் பெட் மிஞ்சியது என்று கணக்கு எழுதுகிறவர்கள் இந்த அம்மாவை எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள்? மூடுவது என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி மட்டும் எப்போதும் திறந்திருக்க வேண்டும். பாஸ் கேட்கக்கூடாது, மருத்துவச் சீட்டே பாஸாக இருக்க வேண்டும்.

9 ஜூன், இரவு

கூலி. முதலில் கேள்வி கேட்டவர் இதைப் பற்றித்தான் பேச வந்தார், நான் நாலு நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

2021இல் அரிசி அட்டைக்கு 4,000 ரூபாய், மே மாதம் 2,000, ஜூன் மாதம் 2,000. வந்த காசை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பீஸ் ரேட்டில் தைக்கிற டெய்லர் நல்ல சீசனில் அதை ஒரு வாரத்துக்குள் சம்பாதிப்பார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து என்னிடம் வேலை செய்த ஆறு பேருக்கு இங்கே ரேஷன் அட்டையே இல்லை, ஒரு ரூபாய் கிடைக்கவில்லை. நான் அரிசி வாங்கிக் கொடுத்தேன், அவர்கள் மொட்டைமாடியில் சமைத்தார்கள். இரண்டு பேர் அப்புறம் திரும்பி வரவே இல்லை.

அந்த ஆறு பேரும் தைக்காமல் உட்கார்ந்திருந்ததால் எங்கேயோ ஒரு ஆக்சிஜன் பெட் மிஞ்சியது. அதில்தான் அப்பா படுத்தார் என்றுகூடச் சொல்லலாம். அந்தப் பெட்டுக்கு விலை கொடுத்தது அவர்கள். அந்த விலையை அரசு அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். அதை நிவாரணம் என்று சொல்லாமல் கூலி என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். மூடச் சொல்லும் உத்தரவிலேயே எவ்வளவு, எப்போது, அட்டை இல்லாதவருக்கு எப்படி என்று எழுதியிருந்தால் நானே முதல் ஆளாக ஷட்டரை இறக்குவேன்.

10 ஜூன்

2022 ஜனவரியைச் சேர்க்க மறந்துவிட்டேன். ஒமிக்ரான். அதுவும் ஒரு நாளைக்கு 30,000ஐத் தாண்டியது, கிட்டத்தட்ட இரண்டாம் அலை அளவுக்கு. ஆனால் தங்கையின் வார்டில் பாதிக் கட்டில் காலி. தடுப்பூசி முகாம்கள் செப்டம்பரிலிருந்தே வாராவாரம் நடந்திருந்தன, நோயும் நுரையீரலுக்கு அவ்வளவாகப் போகவில்லை. அப்படியிருந்தும் இரவு ஊரடங்கு, ஜனவரி 9, 16, 23 மூன்று ஞாயிறும் முழு ஊரடங்கு, 28ஆம் தேதிதான் எடுத்தார்கள். முதல் ஞாயிறை ஒத்துக்கொள்கிறேன், என்ன வருகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. மூன்றாவது ஞாயிறு எதற்கு? தொற்று எண்ணிக்கையைப் பார்த்து மூடினார்கள். ஆக்சிஜனில் எத்தனை பேர் என்பதைப் பார்த்திருந்தால் திறந்திருப்பார்கள்.

ஆக, கேள்வி கேட்டவருக்கு: உங்கள் கோபம் நியாயம். பெட் இருந்தால் மூட வேண்டியதே இல்லை என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. மாவட்டத்தில் ஆக்சிஜனில் இருப்பவர் எத்தனை பேர், இன்னும் எத்தனை பேரைச் செவிலியரோடு சேர்த்துத் தாங்கும் என்ற இரண்டு எண்ணைத் தினமும் டிவியில் சொல்லட்டும். எந்த எண்ணில் மூடுவோம், எந்த எண்ணில் திறப்போம் என்று முன்கூட்டியே சொல்லட்டும்.

12 ஜூன்

தங்கையின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

2020இல் மாதம் 14,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். ஆறு ஆறு மாதமாக நீட்டித்தார்கள். 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு, கொரோனா காலத்தில் எடுத்த 2,000க்கும் மேற்பட்ட செவிலியர்களின் ஒப்பந்தம் முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். போராட்டம் நடந்தது, வேறு திட்டத்தில் வேலை தருகிறோம் என்று அரசு சொன்னது. அவள் அதற்குள் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்துவிட்டாள். வென்டிலேட்டர் பார்க்கவும், ஹை ஃப்ளோ ஓட்டவும், சிலிண்டர் தீரப்போகிற சத்தத்தைக் காதால் கண்டுபிடிக்கவும் அந்த இரண்டரை வருடத்தில் கற்றுக்கொண்டவள். இரண்டு ஊரடங்கும் சேர்ந்து நமக்குச் சம்பாதித்துக் கொடுத்த கையிருப்பு அந்த 2,000 பேர்தான் என்று நான் நினைக்கிறேன். கட்டிலும் டேங்கும் இன்னும் இருக்கின்றன.

நேற்று அவளிடம் கேட்டேன், பழைய வார்டில் இப்போது ராத்திரி எத்தனை பேர் என்று. அங்கே இருக்கும் தோழியிடம் கேட்டுச் சொன்னாள்: நாற்பது கட்டிலுக்கு ஒருவர், சில நாள் பக்கத்து வார்டையும் அவரே பார்க்கிறார். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் இரவுப் பணியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் மாவட்டப் பெயரோடு எழுதுங்கள். வந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கொடுக்கப் போகிறேன்.